மறு: இன்ஸ்ட்ரக்‌ஷன் செட் எக்ஸ்டென்ஷன் – தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம். கணினிச் சில்லு புரிந்துகொள்ளும் ஆணைகளின் தொகுப்புதான் இன்ஸ்ட்ரக்‌ஷன் செட். அதில் பின்னால் சேர்ப்பதற்கு, அதாவது எக்ஸ்டென்ஷனுக்கு, தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி.

கடலூர் ஐயா முன்வைத்த 'கூடுதல் கட்டளைகள்' என்ற சொல் 1997இல் இன்டெல் சில்லுகளில் வந்த எம்எம்எக்ஸ் என்ற சேர்க்கைக்குப் பொருந்தும். படம், ஒலி வேலைகளுக்கென்று 57 புது ஆணைகளை அதில் சேர்த்தார்கள். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது 2023 ஜூலையில் இன்டெல் அறிவித்த ஏபிஎக்ஸ் என்ற சேர்க்கை பற்றி. அதில் புத்தம்புது ஆணைகள் கொஞ்சம்தான். இருக்கிற கூட்டல், கழித்தல், நகர்த்தலே இன்னும் அதிகப் பதிவகங்களை (கணக்கிடும் மதிப்புகளைச் சில்லு தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் சிறு இடங்களை) தொட முடிகிறது என்பதுதான் விஷயம். பொதுப் பதிவகங்கள் 16இலிருந்து 32 ஆகின்றன.

கூட்டலையே பாருங்கள். இன்டெல், ஏஎம்டி சில்லுகளின் எக்ஸ்86 ஆணைத்தொகுதியில் ஆர்8, ஆர்9 என்ற இரு பதிவகங்களையும் கூட்டினால் விடை ஆர்8இன் மேலேயே எழுதப்படும். அதிலிருந்த பழைய மதிப்பு பிறகு வேண்டுமென்றால் முதலிலேயே வேறிடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். ஏபிஎக்ஸில் 'விடையை ஆர்16இல் போடு' என்று மூன்றாவதாக ஓர் இடத்தைச் சொல்லலாம். நகலெடுக்கும் ஆணை மிச்சம். பதிவகம் போதாமல் கம்பைலர் (நிரலைச் சில்லின் ஆணைகளாக மாற்றும் மென்பொருள்) மதிப்புகளை நினைவகத்துக்குத் தள்ளி, மறுபடி எடுத்துவரும் அலைச்சலும் குறைகிறது. அதே நிரலை ஏபிஎக்ஸுக்காக மீண்டும் கம்பைல் செய்தால் நினைவகத்திலிருந்து படிப்பது 10 விழுக்காடும், எழுதுவது 20 விழுக்காட்டுக்கு மேலும் குறையும் என்கிறது இன்டெல். விற்பவர் போட்ட கணக்கு, அதை மறக்க வேண்டாம்.

ஆகவே எண்ணிக்கை கூடுவதை மட்டும் காட்டும் சொல் இங்கே உதவாது.

'நீட்டிப்பு' என்றால் பணி நீட்டிப்பு, கால நீட்டிப்பு என்று காலத்துக்குப் போய்விடுகிறது. 'நீட்சி'யை உலாவிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். உலாவி நீட்சியை வேண்டாமென்றால் கழற்றிவிடலாம், சில்லுக்குள் இருப்பதைக் கழற்ற முடியாது. 'விரிவாக்கம்' தவறில்லை. ஆனால் நெய்வேலிப் பக்கத்துக்காரர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை 'ஆணைத்தொகுதி விரிவு'. புதுச்சேரியில் வீட்டு முகவரியில் 'இன்ன நகர் விரிவு' என்று எழுதுகிறோமே, அந்த விரிவுதான். பழைய தெருக்களில் கதவு எண் மாறாது. புதுத் தெருவுக்குப் போகும் கடிதத்தில் மட்டும் 'விரிவு' என்று சேர்த்து எழுத வேண்டும். இங்கும் பழைய நிரல்கள் அப்படியே ஓடும். புதுப் பதிவகத்தைத் தொடும் பழைய ஆணையின் முன்னால் ரெக்ஸ்2 என்ற 2 பைட் முன்னொட்டு வரும், கடிதத்தில் சேர்த்து எழுதும் 'விரிவு' மாதிரி. 2003இல் ஏஎம்டி 8 பதிவகங்களை 16 ஆக்கியபோதும் ரெக்ஸ் என்ற முன்னொட்டை வைத்துத்தான் சமாளித்தார்கள்.

'விரிவு' என்றால் 'விவரம்' என்று படித்துவிட மாட்டார்களா என்று காரைக்கால் நண்பர் கேட்பார், தெரியும். தனியாக நின்றால் அந்தக் குழப்பம் உண்டு, தொகுதியோடு சேர்ந்தால் வராது.

'கட்டளை' நாம் கணினி முனையத்தில் தட்டும் 'கமாண்ட்'டுக்கு இருக்கட்டும், சில்லின் இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு 'ஆணை'. 'தொகுதி'க்குப் பதில் 'கணம்' கேட்டவர்களுக்கு: கணக்கு வாத்தியாரைத் தவிர எல்லோரும் அதை நொடி என்றுதான் படிப்பார்கள். 'பதிவகம்' ஏற்கனவே நிலைத்த சொல், அதைத் தொட வேண்டாம்.

இதே வழியில், பல எண்களை ஒரே ஆணையில் கணக்கிடும் ஏவிஎக்ஸ் என்ற சேர்க்கையை 'திசையன் (வெக்டர்) விரிவு' எனலாமா? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டையும் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.