ஏசி ஓடும்போதே ஈரப்பதம் ஏறுமா? லாகர் வரைபடம் குழப்புகிறது

கீழவீதி_வாத்தியார்:
வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளை நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்; நூலகப் படிப்பெல்லாம் கிடையாது. இருப்பது ஐந்து பீரோ பழைய அச்சுப் புத்தகங்கள், கொஞ்சம் ஓலைச்சுவடிக் கட்டுகள்.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து கடைசி பீரோவின் கீழ்த்தட்டில் புத்தக முதுகுகளில் வெள்ளையாகப் பூக்கிறது. ஈரத் துணியால் துடைத்தால் போகிறது, அப்புறம் திரும்ப வருகிறது. நண்பர் மகன் ஒரு டேட்டா லாகர் வாங்கிக் கொடுத்தான். அரை மணிக்கு ஒரு முறை வெப்பத்தையும் ஒப்பு ஈரப்பதத்தையும் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை) பதிகிறது.

காலை 10 முதல் மாலை 5 வரை ஏசி. அது ஓடும் நேரத்தில் 24 டிகிரி, 55 சதவீதம். உச்சத்தில் 28 டிகிரி, 80 சதவீதம். புரியாத விஷயம் இதுதான்: ஈரப்பதம் ஏறத் தொடங்குவது பகல் 11.30க்கு, ஏசி முழு வேகத்தில் ஓடும்போது. சரசரவென்று இறங்குவது விடியற்காலை 4.30க்கு. அந்நேரம் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, வாட்ச்மேன்கூட இல்லை. கமிட்டிக்காரர்களோ “சராசரி 68தானே வாத்தியாரே, 70க்குள் இருக்கிறதே” என்கிறார்கள்.

சுவடித்தூசி:
சார், பேய் பிசாசு ஒன்றும் இல்லை. 11.30உடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள், மாலை 5. 4.30உடன் கூட்டினால் காலை 10. லாகர் கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மென்பொருளில் நேர மண்டலத்தை மாற்றிவிடுங்கள். ஏசியை அணைத்ததும் ஏறுகிறது, போட்டதும் இறங்குகிறது, அவ்வளவுதான்.

இனிதான் விஷயம். 24 டிகிரியில் 55 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது அந்தக் காற்று எவ்வளவு குளிர்ந்தால் ஈரம் நீராகப் படியத் தொடங்குமோ அந்த வெப்பம், 14 டிகிரிக்குச் சற்று மேல். அறை இறுக்கமாக மூடியிருந்து, அதே காற்று 28க்குச் சூடாகியிருந்தால் ஈரப்பதம் 43, 44க்கு இறங்கியிருக்க வேண்டும். உங்களுக்கோ 80. பனிநிலை 24க்கு வந்துவிட்டது. காற்றில் நீராவி கிட்டத்தட்ட இரு மடங்கு. பெரும்பகுதி கதவிடுக்கு, ஜன்னல், பழைய வென்டிலேட்டர் வழியாகத்தான் வந்திருக்கும்.

அந்தக் காற்று எதன்மேல் படுகிறது என்று பாருங்கள். பகலெல்லாம் குளிர்ந்த சுவர் இரவில் 25இல் நிற்கிறது என்று வையுங்கள். அதை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 95. லாகர் அறை நடுவில் 80 காட்டிக்கொண்டிருக்கும், பீரோ முதுகில் நிலவரமே வேறு. பூஞ்சைக்கு 70ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே போதும். சராசரி 68 என்று பேசுகிறவர்களைக் கீழ்த்தட்டில் கைவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசி பீரோ எந்தச் சுவரில் இருக்கிறது?

உப்புமூட்டை:
அதற்கு முன்னால் லாகரையே சோதித்துவிடுங்கள். பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பு, ஈர மணல் பதத்துக்கு மட்டும் தண்ணீர். லாகர்மேல் உப்பு படாமல் இரண்டையும் ஜிப் கவரில் மூடி, ஏசி இல்லாத அறையில் ஒரு ராத்திரி வையுங்கள். ஈர உப்பு கவருக்குள் ஈரப்பதத்தை 75இல் நிறுத்திவிடும், லாகரும் 75 காட்ட வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ, அந்த அளவுக்கு எல்லா எண்களையும் சந்தேகப்படலாம்.

கீழவீதி_வாத்தியார்:
நேரத்தை மாற்றினேன், வரைபடம் இப்போது புத்தியோடு பேசுகிறது. உப்பில் 72 காட்டியது. அப்படியானால் அந்த 80 உண்மையில் 83ஆக இருக்கலாம். கடைசி பீரோ ஏசி காற்று நேராக அடிக்கும் வடக்குச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. 24 மணி நேரமும் ஏசி ஓட்ட மின்கட்டணம் தாங்காது. வேறு வழி?

சுவடித்தூசி:
அரைநாள் ஏசிதான் உங்களுக்கு வினை. மழை முடியும்வரை அதை நிறுத்துவது மேல். படிப்பவர்களுக்கு மின்விசிறி போதும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து கட்டை வைத்து உயர்த்துங்கள். வென்டிலேட்டரையும் கதவிடுக்கையும் அடைத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் ஒன்றை 60இல் வையுங்கள். அதன் தண்ணீர் வாளி ராத்திரியில் நிரம்பினால் கருவி தானாக நின்றுவிடும், ஆகவே குழாயை வெளியே விட்டுவிடுங்கள். ரொம்பக் காயவும் விடாதீர்கள், ஓலை நொறுங்கும்.

ஈரத் துணி வேண்டாம், பூஞ்சையை உள்ளே தேய்த்துவிடும். முதலில் உலரவிட்டு, நிழலில் வெளியே வைத்து, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். என்95 மாஸ்க் கட்டாயம். லாகரைக் கீழ்த்தட்டின் பின்பக்கம் வைத்துவிடுங்கள்.

பழுப்புத்தாள்:
ஏசியை அணைக்கச் சொல்வது எனக்கு உறுத்துகிறது. பழைய அச்சுப் புத்தகங்களின் அமிலத் தாளுக்கு (தன்னிலுள்ள அமிலத்தாலேயே மெல்ல நொறுங்கும் தாள்) சூடும் எதிரி. ஐந்து டிகிரி குறைத்தால் தாளின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பார்கள்.

சுவடித்தூசி:
உண்மைதான். ஆனால் அமிலம் தின்னப் பல வருடங்கள் ஆகும், பூஞ்சைக்கு ஒரு வாரமே அதிகம். நாள் முழுக்கக் குளிரவைக்க வசதி வந்தால் ஏசியைப் போடட்டும்.

கீழவீதி_வாத்தியார்:
கமிட்டிக்கு எக்செல்லில் பனிநிலைக்கு ஒரு நெடுவரிசை போட வேண்டும். எளிய சூத்திரம் உண்டா?

சுவடித்தூசி:
100இலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, 5ஆல் வகுத்து, வந்ததை வெப்பத்திலிருந்து கழியுங்கள். 28 டிகிரி, 80 சதவீதம்: 28 கழித்தல் 4, 24. ஈரப்பதம் 50க்கு மேல் இருக்கும்வரை ஒரு டிகிரி முன்னே பின்னே சரியாக வரும். உப்பில் கண்ட அந்த 3ஐ முதலில் கூட்டிக்கொள்ளுங்கள்.