மேட்டூர் தூர்ந்ததற்கு ஊட்டி கேரட்டா? கொஞ்சம் வரைபடம் பாருங்கள்

கூடுதுறையான்: நேற்று ஒருத்தர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார், "ஊட்டிக்காரன் சரிவில் கேரட் போட்டு மண்ணை விட்டு மேட்டூர் அணையைத் தூர்த்துவிட்டான், டெல்டா காய்கிறது" என்று. அதற்கு ஏகப்பட்ட கைதட்டல் வேறு. ஐயா, ஊட்டி, கோத்தகிரி, குந்தா தண்ணீரெல்லாம் மாயாறாகவும் பவானியாகவும் பவானிசாகருக்கு வருகிறது. பவானி காவிரியில் சேர்வது எங்கள் கூடுதுறையில். மேட்டூருக்குக் கீழே! கேரட் மண் என்ன, எதிர்நீச்சல் போட்டு மேட்டூர் போனதா?

கடைமடை: எழுதியது நான்தான். 1934இல் கட்டிய அணைக்குக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று இன்னும் அதே கணக்கைப் போடுகிறார்கள், அடியில் கிடக்கிற வண்டலை யார் கழித்தார்கள்? 2017இல்தான் முதல் தடவையாகத் தூர்வாரவே இறங்கினார்கள். மலையில் ஒருத்தன் மண்ணை விடுகிறான், கீழே நாங்கள் சாகிறோம். எந்த மலை என்று ஆராய்ச்சி செய்ய எங்களுக்கு நேரமில்லை.

கூடுதுறையான்: நேரமில்லாதவர் எதற்கு ஊட்டி என்று பேர் சொன்னீர்கள்? மேட்டூருக்குக் கீழே.

கேத்தி விவசாயி: ரெண்டு பேரும் கேரட்டை விடுங்கள். ஜேசிபி ஓட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்ற ஊரில் ராத்திரியோடு ராத்திரியாக மலையை வெட்டி ரிசார்ட் கட்டுகிறான், அவனைக் கேட்க ஆளில்லை. மேல்மண் போனால் முதல் நஷ்டம் எங்களுக்குத்தான், வருஷா வருஷம் உர மூட்டை கூடிக்கொண்டே போகிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அதுவும் கேரட்டா?

பழைய பொறியாளர்: அது நிலச்சரிவு, தம்பி. மண் அரிப்பு வேறு. எதைப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது. சரிவைப் படிப்படியாக வெட்டி, உள்பக்கம் சாய்ந்த படித்தட்டு அமையுங்கள் என்று ஊட்டி மண் ஆராய்ச்சி மையம் எத்தனையோ வருஷமாகச் சொல்கிறது. நீங்கள் சரிவோடு மேலிருந்து கீழே பாத்தி பிடித்தால் மழை சும்மா விடுமா?

கேத்தி விவசாயி: படித்தட்டுக்கு ஆகிற செலவை ஐயா தருவீர்களா? இங்கே பாதிக் காடு குத்தகை. ஒரு போகத்துக்கு எடுத்தவன் அடுத்தவன் நிலத்துக்கு எதற்குக் கல் அடுக்குவான்?

கூடுதுறையான்: அதைத்தான் சொல்ல வந்தேன். குந்தா அணையில் சேறு, அதைத் தாண்டி வருவது எங்கள் பவானிசாகரில். அணை 120 அடி. சேறு சகதிக்கு 15 அடி போக 105 அடி என்றுதான் பேப்பரிலேயே போடுவார்கள், 1955இலேயே சேற்றுக்கு இடம் ஒதுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கேரட் மண்ணால் அடிபடுவது கோபி, ஈரோடு, கீழ்பவானி வாய்க்கால்காரன். எங்கள் வயிற்றெரிச்சலையும் டெல்டாவே எடுத்துக்கொள்ளுமா? எதற்கெடுத்தாலும் அழுகைக்கு அவர்கள்தான் மொத்தக் குத்தகை!

கடைமடை: கபினி வயநாட்டிலிருந்து மேட்டூருக்கு வருகிறதே, அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைதானே? நான் சொன்னது அந்த அர்த்தத்தில்.

கூடுதுறையான்: வயநாடு எப்போது ஊட்டி ஆனது? வழியில் கபினி அணை ஒன்று இருப்பதாவது தெரியுமா? வண்டல் முதலில் அங்கே நிற்கும். நீங்கள் எழுதியது ஊட்டி. ஊட்டி தண்ணீர் மேட்டூருக்குக் கீழே.

பழைய பொறியாளர்: அணைகளில் வண்டல் நிற்பதால் டெல்டாவுக்குப் புது மண் வருவதே குறைந்துவிட்டது, கடற்கரைக்கும் அது கேடு. அதைப் பற்றி யாராவது...

கடைமடை: கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடக்கூடாது என்று மறியல் பண்ணினவர்கள் எங்களுக்குத் தண்ணீர்ப் பாடம் எடுக்கிறார்கள்.

கூடுதுறையான்: கான்கிரீட் போட்டால் எங்கள் கிணறு ஊறாது, அது உங்களுக்கு எங்கே புரியும்? பேச்சை மாற்றாதீர்கள். "ஊட்டி" என்ற வார்த்தையை அந்தப் பதிவிலிருந்து எடுங்கள்.

கடைமடை: எடுக்க மாட்டேன்.

கேத்தி விவசாயி: மேட்டுப்பாளையம் மண்டியில் இன்றைக்குக் கேரட் என்ன விலை என்று யாருக்காவது தெரியுமா?

கூடுதுறையான்: அவர் எடுக்கட்டும், அப்புறம் சொல்கிறேன்.