இரண்டு சிபியு இருந்தும் விண்டோஸ் ஒன்றைத்தான் காட்டுகிறது

கேள்வி:
இரட்டை சாக்கெட் (சிபியு சிப் பொருத்தும் இடம்) மதர்போர்டில் இரண்டு இன்டெல் ஜியான் சில்வர் 4210 சிபியு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 10 கோர், 20 த்ரெட். பயாஸில் இரண்டும் சரியாகத் தெரிகின்றன. ஆனால் விண்டோஸ் 11 ஹோமில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சாக்கெட் 1, கோர் 10, லாஜிக்கல் பிராசஸர் (அதாவது த்ரெட்) 20 என்றே வருகிறது. எம்எஸ்கான்ஃபிக்கில் (விண்டோஸின் பூட் அமைப்புகளை மாற்றும் கருவி) பிராசஸர் எண்ணிக்கையை டிக் செய்து 20 கொடுத்தும் பலன் இல்லை. போர்டில் கோளாறா, டிரைவர் ஏதும் விட்டுப்போயிற்றா?

பதில் 1:
போர்டு நன்றாகத்தான் இருக்கிறது நண்பரே. ஹோம் எடிஷன் ஒரே ஒரு சாக்கெட்டைத்தான் பயன்படுத்தும். ப்ரோவில் இரண்டு, ப்ரோ ஃபார் வொர்க்ஸ்டேஷன்ஸில் நான்கு. எடிஷன் எண்ணுவது கோரை அல்ல, போர்டில் உட்கார்ந்திருக்கும் சிப்பை. அதனால்தான் ஒரே சிப்பில் 16 கோர் இருந்தாலும் ஹோம் அத்தனையையும் எடுத்துக்கொள்கிறது. உங்கள் இரண்டாவது ஜியானை மட்டும் தொடுவதில்லை. எக்ஸ்பி காலத்திலும் இதே கணக்குதான்: ஹோமுக்கு 1, ப்ரொஃபஷனலுக்கு 2.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் போய் ப்ரோ லைசென்ஸ் கீயைக் கொடுங்கள். ஃபைல்களும் புரோகிராம்களும் அப்படியே இருக்கும், புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டாம். மெமரி வரம்பும் 128 ஜிபியிலிருந்து 2 டிபி ஆகிவிடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் கீ போடுவதற்கு முன் அந்த எம்எஸ்கான்ஃபிக் டிக்கை எடுத்துவிடுங்க, இது முக்கியம். அது வேகம் கூட்டும் வசதி இல்லை. சோதனைக்காகப் பிராசஸர்களைக் குறைத்துப் பார்க்க வைத்திருக்கும் தடை. 20 என்று விட்டுவிட்டால் ப்ரோவுக்கு மாறிய பிறகும் 20-லேயே நிற்கும், கீதான் வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். பூட் டேப், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், டிக்கை நீக்கி ஓகே. மாற்றம் முடிந்ததும் ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் கெர்னல் (விண்டோஸின் மையப் பகுதி) பழைய நிலையிலேயே எழும். பிறகு சாக்கெட் 2, கோர் 20, லாஜிக்கல் 40 வர வேண்டும்.

பதில் 3:
விர்ச்சுவல் மெஷினில் இதே சிக்கலோடு வருபவர்களுக்காக: லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் கேவிஎம்மில் 8 விசிபியு (விர்ச்சுவல் சிபியு) கொடுத்தால், டோபாலஜி (சாக்கெட், கோர், த்ரெட் பங்கீடு) குறிப்பிடாதபோது அது 8 சாக்கெட்டாகப் போய்ச் சேரலாம். உள்ளே ப்ரோ இருந்தால் 2 மட்டும் வேலை செய்யும், ஹோம் என்றால் 1. மெஷினை அணைத்துவிட்டு விர்ட்-மேனேஜரில் (அந்த மெஷின்களை நிர்வகிக்கும் புரோகிராம்) சிபியு டோபாலஜியைக் கையால் சாக்கெட் 1, கோர் 4, த்ரெட் 2 என்று வையுங்கள். இதற்குப் புது லைசென்ஸ் வாங்குவது வீண் செலவு.

64 லாஜிக்கல் பிராசஸரைத் தாண்டினால் வேறு சங்கதி. விண்டோஸ் அவற்றை 64-க்கு மிகாத குழுக்களாகப் பிரிக்கும். விண்டோஸ் 10 வரை, குழுக்களை அறியாத புரோகிராம் ஒரே குழுவில் அடைபட்டுக் கிடக்கும். எடிஷனை மாற்றினாலும் தீராது. விண்டோஸ் 11-இல் எல்லாக் குழுக்களுக்கும் பரவுவதே இயல்பு நிலை. கேள்வி கேட்டவருக்கு 40-தான், அந்தக் கவலை இல்லை.