புதுப்பிப்பு: லேசர் பிரிண்டரில் திரும்பத் திரும்ப விழுந்த கரும்புள்ளி தீர்ந்தது

பழைய கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் பக்கத்தின் இடது ஓரம் முழுக்கக் கரும்புள்ளி விழுகிறது, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெளிறிய பட்டையும் வருகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரண்டுமே இப்போது இல்லை.

புள்ளிகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னவருக்குத்தான் முதல் நன்றி. இடைவெளி 75 மி.மீ. இருந்தது. கார்ட்ரிட்ஜுக்குள் சுழன்று தாளில் அச்சைப் பதிக்கும் உருளையான டிரம்மின் விட்டம் 24 மி.மீ.; அதன் சுற்றளவும் அதுதான். கார்ட்ரிட்ஜைக் கழற்றி டிரம்மை மெதுவாகத் திருப்பினால், பச்சைப் பூச்சில் குண்டூசி முனையளவு பெயர்ந்து உள்ளே அலுமினியம் பளபளத்தது. பூச்சு போன இடத்தில் மின்னேற்றம் நிற்காது; டோனர் என்ற மைப்பொடி அங்கே ஒட்டி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி வைத்துவிடும். துடைத்தெல்லாம் பயனில்லை. ரீஃபில் கடையில் டிரம்மையும் அதை வழிக்கும் பிளேடையும் மாற்றினார்கள். புள்ளி போயிற்று.

எதிர்பாராதது அந்தப் பட்டை. புது டிரம் போட்டும் அது அப்படியே இருந்தது. கார்ட்ரிட்ஜைக் குலுக்கியும் மாறவில்லை, ஆக டோனர் குறைவு இல்லை. கடைசியில் பார்த்தால், லேசர் ஒளி வெளியே வரும் நீளமான கண்ணாடியில் தூசு படிந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கி, மைப்பொடியைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் ஆறியபின், நூல் உதிராத உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சில மாடல்களில் இந்தக் கண்ணாடி கைக்கு எட்டாது. அப்புறம், கழற்றிய டிரம்மை வெளிச்சத்தில் வைக்காதீர்கள், கறுப்புத் துணியால் மூடிவையுங்கள்.