அட்டவணையைக் கெடுக்கும் வரியைப் பிடிப்பது எப்படி? எம்ப்ரொடெக்ட் உதவுமா?

கேள்வி:
லினக்ஸில் ஓடும் சி நிரல். தொடங்கும்போதே சென்சார்களின் திருத்த அட்டவணையைக் கோப்பிலிருந்து படித்து நிரப்பிவிடும். அதன்பிறகு அதில் யாரும் எழுதக் கூடாது. மொத்தம் 300 மதிப்புகள், ஒவ்வொன்றும் 8 பைட். ஆனாலும் சில மணி நேரத்தில் ஏதோ ஒன்று மாறிவிடுகிறது. நேற்று 17ஆவது, இன்று 204ஆவது. பிழைதேடும் கருவியான ஜிடிபியில் எந்த மதிப்புக்கு வாட்ச் (மாறினால் நிரலை நிறுத்தும் காவல்) போடுவது என்றே தெரியவில்லை. மூன்று இரவுகள் போய்விட்டன. உதவுங்கள்.

மறுமொழி 1:
எக்ஸ்86 செயலியில் வன்பொருள் வாட்ச்பாயின்ட் நான்குதான். ஒன்றுக்கு 8 பைட். ஆக 32 பைட்டுக்குத்தான் காவல். உங்களுக்கு வேண்டியது 2400. அட்டவணை இருக்கும் நினைவகப் பக்கத்தையே (நினைவகம் பிரிக்கப்படும் துண்டு) பூட்டுங்கள்: நிரப்பி முடித்ததும், பக்கத்தின் அனுமதியை மாற்றும் எம்ப்ரொடெக்ட்டை அழைத்துப் ‘படிக்க மட்டும்’ என்று ஆக்குங்கள். எழுத வரும் வரி அங்கேயே செக்மென்டேஷன் ஃபால்ட் வாங்கி நிரல் விழும்.

கேட்டவர்:
அழைத்தால் -1 வருகிறது. ஈஇன்வால் (தவறான உள்ளீடு) பிழை.

மறுமொழி 1:
முகவரி பக்க எல்லையில் தொடங்க வேண்டும். நினைவகம் ஒதுக்கும் மாலக் தரும் முகவரி அப்படி அமைவது அரிது. எல்லை வரை பின்னால் தள்ளிப் பூட்டினால், அதே பக்கத்தில் குடியிருக்கும் மற்றத் தரவும் மாட்டிக்கொள்ளும். எம்மேப்பில் தனிப் பக்கம் வாங்குங்கள். பக்க அளவைச் சிஸ்கான்ஃபிடம் கேளுங்கள். எங்கும் 4096 அல்ல, 16 கேபி பக்கம் கொண்ட ஆர்ம் இயந்திரங்களும் உண்டு.

மறுமொழி 2:
ஒன்றைக் கவனியுங்கள். அருகிலிருக்கும் பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) வழிந்துதான் கெடுத்ததென்றால், அட்டவணையை இடம் மாற்றியதும் அது வேறெங்கோ கொட்டும், பூட்டில் சிக்காது. இன்னொன்று: தரவைப் படித்து நினைவகத்தில் இடும் ரீட் போன்ற அழைப்பின் வழியே கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) எழுத முயன்றால் நிரல் விழாது. அழைப்பு -1 தந்து ஈஃபால்ட் (தவறான முகவரி) என்று சொல்லும், அவ்வளவுதான். இத்தகைய அழைப்புகளைப் பதிவுசெய்யும் ஸ்ட்ரேஸ் போட்டு ஓடவிடுங்கள்.

கேட்டவர்:
அதேதான்! இரவு முழுவதும் நிரல் விழவில்லை. ஸ்ட்ரேஸ் பதிவில் 2:40க்கு ஒரு ரீட், 8 பைட், ஈஃபால்ட். முகவரி அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. இணைப்பு அறுந்து மீண்டும் சேரும்போது, திருத்த மதிப்பைத் தேடிய அதே பாயின்டரை (முகவரியை) ரீட்டுக்கும் கொடுத்திருக்கிறேன். எந்தச் சென்சார் அறுந்ததோ அதன் மதிப்பு கெட்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

மறுமொழி 2:
மகிழ்ச்சி. அந்தப் பாயின்டரைக் கான்ஸ்ட் (அதன் வழியே எழுதக் கூடாது) என்று அறிவியுங்கள். ரீட்டுக்குக் கொடுத்தால் கம்பைலரே எச்சரிக்கும். பூட்டையும் எடுத்துவிடாதீர்கள், தொடக்கத்தில் ஒரே ஓர் அழைப்புதானே.