பந்தி நாளில் "நான் அபாத்திரன் (தகுதியற்றவன்)" என்று விலகுவது சரியா?

முதல்ஞாயிறு:
ஸ்தோத்திரம். மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் பெறும் கர்த்தருடைய பந்தி. பிரசங்கம் முடிந்ததும் சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். கேட்டால் 1 கொரிந்தியர் 11:27ஐச் சொல்கிறார்கள்: அபாத்திரமாய்ப் புசிக்கிறவன் கர்த்தருடைய சரீரத்தைக் குறித்துக் குற்றமுள்ளவன் என்ற வசனம். கோபம் அடங்கவில்லை, ஒரு பழக்கம் விடவில்லை, மாமியாரோடு பேச்சில்லை என்று காரணங்கள். இளைஞர் கூட்டத்தில் இதைப் பேச வேண்டியிருக்கிறது. விலகுவது சரிதானா? ஆயத்தம் என்றால் நடைமுறையில் என்ன செய்யச் சொல்வது?

ஓலைவாசகன்:
வசனத்தைக் கவனியுங்கள். "அபாத்திரனாய்" என்று இல்லை, "அபாத்திரமாய்" என்று இருக்கிறது. கிரேக்கத்திலும் அது வினையைத் தழுவும் சொல்தான். உண்கிறவரின் தகுதியை அல்ல, உண்ணும் விதத்தைச் சொல்கிறது. கொரிந்துவில் அந்த விதம் என்ன என்பது 21ஆம் வசனத்திலேயே இருக்கிறது: ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட்டு, இல்லாதவர்களை வெட்கப்படுத்தினார்கள். இந்த நிருபத்தை எழுதிய பவுல் சொல்லும் தீர்வும் அதற்கேற்றதுதான், 33ஆம் வசனம்: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

28ஆம் வசனத்தை நம் ஆட்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்பதோடு கட்டளை முடியவில்லை. "புசித்து", "பானம்பண்ணக்கடவன்" என்று போகிறது. சோதித்துவிட்டு விலகச் சொல்லவில்லை.

ஆங்கிலிக்கன் மரபில், அப்பம் வாங்குவதற்குச் சற்று முன் சொல்லும் ஜெபம் ஒன்று உண்டு. மேசையின் கீழ் விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல என்று சபை முழுவதும் சொல்கிறது. சொன்ன கையோடு எழுந்து முன்னே போகிறது. தகுதியில்லை என்பது அங்கே வருவதற்குத் தடையே இல்லை.

விடியற்காலம்:
நடைமுறைக்கு வருகிறேன். சனி இரவு 20 நிமிடம் போதும். பாவ மன்னிப்புக் கேட்கும் சங்கீதம் 51ஐ மெதுவாக ஒருமுறை வாசியுங்கள். பிறகு பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "நான் மகா பாவி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சுலபம், அதில் எதுவும் வெளிச்சத்துக்கு வராது. "செவ்வாய்க்கிழமை பிள்ளையை அநியாயமாக அடித்தேன்" என்பது அறிக்கை. அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்று சொல்லும் 1 யோவான் 1:9ஐச் சத்தமாக வாசித்து, அங்கேயே நிறுத்துங்கள். அதே பாவத்தை ஞாயிறு காலை மறுபடியும் தோண்ட வேண்டாம். யாருக்காவது பணம் தர வேண்டியிருந்தால் தொகையையும் தேதியையும் எழுதி வையுங்கள். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு வெறும் கண்ணீரோடு நிற்கவில்லை, அநியாயமாய் வாங்கியதைத் திருப்பித் தருவதாகச் சொன்னான்.

பெரும்பாலும் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. மூன்று மாதம் விலகியிருந்து, "இப்போது பரவாயில்லை" என்று தோன்றிய பிறகு வருகிறார்கள். அப்படி வருகிறவர் எதை நம்பி வருகிறார்? அந்த மூன்று மாத ஒழுக்கத்தை. விழுந்த வாரத்தில் வெறுங்கையோடு வருகிறவரே கிருபையை நம்பி வருகிறார். பசியாயிருக்கிறவனைப் பட்டினி போட்டு யாரும் பலப்படுத்துவதில்லை.

திராட்சைக்கொடி:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஒரு எல்லையை மட்டும் இளைஞர்களிடம் மறைக்காதீர்கள். விழுந்து எழுந்து போராடுகிறவர் வேறு. திங்களன்று திரும்பவும் செய்யத் திட்டம் போட்டுக்கொண்டு கை நீட்டுகிறவர் வேறு. இரண்டாமவர் முதலில் ஆயரிடம் தனியாகப் பேசட்டும். கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைநிற்கலாமா என்று கேட்கும் ரோமர் 6:1 இந்தக் கேள்விக்கென்றே எழுதப்பட்டது. கத்தோலிக்க நண்பர்கள் கேட்டால் அவர்களுடைய ஒழுங்கு வேறு என்று சொல்லுங்கள். சாவான பாவம் (அறிந்தே மனதாரச் செய்த பெரிய பாவம்) இருந்தால் நற்கருணைக்கு முன் ஒப்புரவு அருட்சாதனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெற வேண்டும்.

இன்னொன்று. அறிக்கையிட்டும் நிம்மதியில்லாமல், ஒரே பாவத்துக்காக ஒரே நாளில் பத்துமுறை மன்னிப்புக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "இன்னும் ஆழமாகச் சோதித்துப் பார்" என்று சொல்லிவிடாதீர்கள், நோவு கூடும். நம்பகமான ஆயரோடு மனநல மருத்துவரையும் பார்க்கச் சொல்வது விசுவாசக் குறைவு அல்ல.

முதல்ஞாயிறு:
நன்றி. காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:23-24 இருக்கிறதே, அப்படி ஒப்புரவாகப் போனால் மாமியார் போனையே எடுக்கவில்லை என்றால்?

விடியற்காலம்:
"கூடுமானால் உங்களாலானமட்டும்" எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்கிறது ரோமர் 12:18. நேரில் ஒருமுறை போகச் சொல்லுங்கள். முடியாவிட்டால் நான்கு வரிக் கடிதம், அதில் தன் தவறு மட்டும். "நீங்களும்தான் அன்று..." என்று ஒரு வார்த்தை நுழைந்தாலும் கடிதம் கெட்டது. பதில் வராவிட்டாலும் அந்த ஞாயிறு பந்தியில் சேரலாம்.