கலைச்சொல்: டிவிடியை 'ரிப்' செய்தல் – ஒரு சொல் போதுமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டிலுள்ள டிவிடிகளைக் கணினியில் காப்பாக எடுத்து வைப்பதற்கு எந்த மென்பொருளைத் தெரிவு செய்யலாம் என்பது பற்றி நாங்கள் எழுதத் தொடங்கிய கைந்நூல், 'ரிப்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி முதல் அத்தியாயத்திலேயே நிற்கிறது. சென்னை நண்பர் 'உரித்தல்' என்று முன்மொழிந்தார். கனடாவிலிருந்து எழுதும் அக்கா 'பிரித்தெடுத்தல்' என்றார். கோப்பாய் ஆசிரியர் 'பதிவிறக்கல்' போதும் என்றார். ஒன்றுக்கொன்று வேறான மூன்று வேலைகளை ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்லால் அழைக்கிறார்கள் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அதற்கு இணையாக நாமும் ஒரே ஒரு சொல்லை வைத்தால், வாசிப்பவர் எந்த மென்பொருளை எடுப்பது என்று தெரியாமல்தான் நிற்பார்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் உள்ள இறுவட்டுகளில் கடையில் வாங்கிய படங்கள் ஒரு பகுதிதான். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் வெளிநாட்டு உறவினர் வந்து நின்ற கலியாணங்கள், சாமத்தியச் சடங்குகள், அரங்கேற்றங்கள், கோயில் திருவிழாக்கள், வரமுடியாத பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காக எடுத்த செத்தவீட்டு வீடியோக்கள் எல்லாம் அலுமாரிகளில் இருக்கின்றன. பழைய விஎச்எஸ் கசெட்டுகளை ஸ்டூடியோவில் கொடுத்து டிவிடியாக மாற்றிய பின் கசெட்டை எறிந்துவிட்ட வீடுகளில், அந்த இறுவட்டைத் தவிர வேறு பிரதியே கிடையாது. இவை ஆலையில் அச்சழுத்திய தட்டுகள் அல்ல. சாயப்படலத்தில் லேசர் எழுதிய தட்டுகள். சூடும் ஈரப்பதனும் வெளிச்சமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். எங்கள் வெயிலிலும் கடற்காற்றிலும் அவை நெடுநாள் தாங்கும் என்று நம்பியிருக்க முடியாது. எனவே வாசகர் பிழையான மென்பொருளைத் தெரிவு செய்து தரம் குறைந்த பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, மூலத் தட்டு பழுதான பிறகு அதை உணர்ந்தால் திருத்த வழியில்லை.

இனி அந்த மூன்று வேலைகள். முதலாவது, தட்டில் உள்ள தரவு முழுவதையும், பட்டியல் திரை உட்பட, இருந்தபடியே ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுப்பது. விண்டோஸில் இம்ஜ்பேர்ன் இதைச் செய்யும். கீறல் விழுந்த தட்டு என்றால் லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்கியூ சிறந்தது: வாசிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத பகுதிகளை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைத்துப் பின்னர் திரும்ப முயலும், அதே கோப்பைக் கொண்டு வேறொரு டிவிடி டிரைவிலும் தொடரலாம். இரண்டாவது, காட்சியையும் ஒலியையும் தொடாமல், அவை அடங்கியிருக்கும் கோப்பு வடிவத்தை மட்டும் மாற்றுவது. டிவிடியிலுள்ளதை எம்கேவி என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றும் மேக்எம்கேவி செய்வது இதைத்தான். டிவிடிகளுக்கு அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பட்டியல் திரை போய்விடும், ஆனால் அத்தியாயப் பிரிவுகளும் ஒலித்தடங்களும் துணையுரைகளும் நிற்கும். மூன்றாவது, டிவிடியில் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கி வைத்திருக்கும் காட்சியை அவிழ்த்து எச்.264 போன்ற வேறொரு சுருக்கமுறையில் மீண்டும் அமைப்பது. ஹான்ட்பிரேக் இதற்குரியது. கோப்பு சிறுக்கும், தொலைபேசியில் பார்க்க வசதி. ஆனால் தரத்தில் ஒரு பகுதி இழக்கப்படும், இழந்தது திரும்பி வராது.

சொற்களுக்கு வருகிறேன். மூன்றாவது வேலைக்கு 'மறுகுறியாக்கம்' என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். பொருளளவில் அதில் பிழையில்லை. ஆனால் இதே கைந்நூலில் வணிக டிவிடிகளின் பூட்டைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு வழங்கும் சொல் 'மறைகுறியாக்கம்'. 'மறு' என்பதற்கும் 'மறை' என்பதற்கும் உயிர்க்குறி ஒன்றே வேறுபாடு. ஒரே பக்கத்தில் இவ்விரண்டும் வந்தால், முதன்முறையாக வாசிக்கும் ஒருவர், தன் கலியாண வீடியோவுக்கு யாரோ பூட்டுப் போடச் சொல்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ளக்கூடும். எனவே 'குறிமாற்றம்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஒரு குறிமுறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதே இங்கு நிகழ்வதால் பொருளும் கூர்மையாகிறது. 'குறிமாற்று' என்று வினையாகவும் 'குறிமாற்றி' என்று மென்பொருளின் பெயராகவும் தடையின்றி வரும்.

இரண்டாவது வேலைக்கு அதே அச்சில் 'உறைமாற்றம்' என்கிறேன். கடிதத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றுவதைப் போன்ற செயல் இது என்று சொன்னால் எவருக்கும் விளங்கும். 'கொள்கலன் மாற்றம்' என்று எழுதலாமே என்ற அக்காவின் கேள்வி நியாயமானது. ஆயினும் கொள்கலன் என்ற சொல் இப்போது வழங்கி (சர்வர்) கணிமையில் வேறொரு பொருளில் நிலைபெற்று வருகிறது, சொல்லும் நீளம். எம்கேவி வடிவத்தின் முழுப்பெயரான மட்ரோஸ்கா என்பதே, ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மரப்பொம்மையின் பெயரிலிருந்து வந்தது என்பதால், உறை என்ற கருத்து அந்த வடிவத்தை ஆக்கியவர்களின் எண்ணத்துக்கும் அயலானதன்று.

முதலாவதற்கு 'வட்டுப்படிமம்' என்பதை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. படிமம் என்றால் கணினியில் பெரும்பாலானோர் நிழற்படத்தையே நினைக்கிறார்கள். 'முழுப்படி' என்பது போதும். படி என்றால் மாடிப்படி, அளக்கும் படி என்ற பொருள்களும் உண்டே என்று கேட்கலாம். கையெழுத்துப்படி என்று நாம் நாளாந்தம் எழுதும்போது எவரும் மயங்குவதில்லை.

இம்மூன்றையும் சேர்த்துக் குறிக்கும் பொதுச்சொல்லாக, அதாவது 'ரிப்' என்பதன் இடத்தில், 'படியெடுத்தல்' என்பதையே வைக்க விரும்புகிறேன். கல்வெட்டாய்வாளர்கள் கல்லில் உள்ளதைத் தாளில் எடுப்பதை இப்படித்தான் சொல்கிறார்கள். மூலத்துக்கு ஊறில்லாமல், அதில் உள்ளதை அழியக்கூடிய பொருளிலிருந்து வேறொன்றுக்குக் கொண்டுவருவதே அந்தச் செயல். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்டாலே உதிரும் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய காலத்திலும் பிரச்சினை இதுவே: படியொன்று எடுக்கப்படுவதற்குமுன் மூலம் அழிந்துவிடக்கூடாது. 'உரித்தல்' என்பதில் மூலம் சேதமுறும் என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தட்டைக் கணினியில் போடவே அஞ்சும் பெரியவர்களுக்கு அந்தச் சொல் உதவாது. 'பதிவிறக்கல்' இணையத்திலிருந்து எடுப்பதற்கு உரியதாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் கிறீன் போன்றோரின் சொல்லாக்கம் வகுப்பறையில் பயன்படுவதற்காக நடந்தது. நம்முடையதும் அப்படி, ஒரு தாய் தன் மகனுக்குத் தொலைபேசியில் சொல்லி விளங்கவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

இச்சொற்களை வைத்துப் பார்த்தால் மென்பொருள் தெரிவு பற்றிய பகுதியை எழுதுவது இலகுவாகிறது: குடும்ப வீடியோ என்றால் முதலில் முழுப்படி, அதிலிருந்து பார்ப்பதற்கு ஓர் உறைமாற்றம், தொலைபேசியில் அனுப்புவதற்கு மட்டும் குறிமாற்றம். குறிமாற்றிய கோப்பு மட்டும் இருந்தால் அதைக் காப்பு என்று கைந்நூல் சொல்லக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இடம் போதாது என்ற கவலையும் இப்போது பெரிதன்று. ஓரடுக்குத் தட்டு 4.7 கிகாபைட், ஈரடுக்குத் தட்டு 8.5 கிகாபைட் என்பதால், 1 டெராபைட் வன்தட்டில் நிரம்பிய ஓரடுக்குத் தட்டுகள் 200க்கு மேல் அடங்கும். அந்த வன்தட்டின் பிரதியொன்று வேறொரு வீட்டிலும் இருக்கட்டும். வணிக டிவிடிகளின் பூட்டைத் திறப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அதை இந்த அத்தியாயத்தில் சேர்க்காமல் தனியாக எழுதுவதே நல்லது.

தட்டில் காட்சியும் ஒலியும் அடங்கியிருக்கும் விஓபி கோப்புகளைக் கணினிக்கு இழுத்துப் போட்டால் போதாதா என்ற கோப்பாய் ஆசிரியரின் கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். டிவிடி அமைப்பில் ஒரு விஓபி கோப்பு 1 கிகாபைட்டுக்கு மேல் போக முடியாது என்பதால் ஒரு நீண்ட நிகழ்ச்சி பல துண்டுகளாகக் கிடக்கும். எது எதன் பின் வரும், அத்தியாயம் எங்கே தொடங்கும் என்ற விபரம் ஐஎஃப்ஓ கோப்பில் இருக்கும். அதை விட்டுவிட்டு விஓபி கோப்புகளை மட்டும் எடுத்தால் தாலிகட்டு ஒரு துண்டில் தொடங்கி இன்னொன்றில் முடியும். இதை 'படியெடுத்தல்' என்று சொல்ல வேண்டாம்; 'கோப்பு நகலெடுத்தல்' என்ற பழைய சொல்லே போதும்.

இன்னும் ஒரு சொல் தீரவில்லை. எங்கள் பகுதியின் வீடியோக்கள் பெரும்பாலும் பிஏஎல் என்ற தொலைக்காட்சி முறையில், 576 வரிகளுடன், ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளை மட்டும் கொண்ட அரைச்சட்டங்கள் செக்கனுக்கு 50 ஆகப் பின்னிப் பதிவானவை. கணினித் திரையில் பார்க்கும்போது, ஆடும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போலக் கோடுகள் தெரிவது அதனால்தான். ஹான்ட்பிரேக்கில் அதைச் சரிசெய்யும் வடிகட்டிக்குப் 'பின்னல் பிரித்தல்' என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். நல்லூரிலும் சாவகச்சேரியிலும் கலியாண வீடியோ எடிட் செய்யும் நண்பர்கள் இந்தக் குழுமத்தில் இருக்கிறீர்கள். தொழிலில் இதற்கு வேறு சொல் வழங்கினால் எழுதுங்கள். குறிமாற்ற அத்தியாயத்தை அதன்படி திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்